எத்தனை மணிக்கு?

ஆளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று வீட்டார் பதறி ஓடிவந்தால், அனுபவப்பட்ட வக்கீல் முதலில் கேட்பது 'எதுக்கு?' என்று இருக்காது. 'எத்தனை மணிக்கு?' என்றுதான் இருக்கும். யார் பார்த்தார்கள் என்பது அடுத்த கேள்வி. வழக்கு, பிரிவு, ஜாமீன் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் காலத்தில் பேச்சோடு பேச்சாகத் தபால் நிலையத்துக்கும் ஆள் அனுப்புவார்கள். தலைமை நீதிபதிக்கு ஒன்று, முதலமைச்சருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று என்று தந்தி போகும். தந்தியைப் பார்த்து யாராவது உடனே ஓடிவருவார்கள் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்ததில்லை. ஆனால் தந்தி கொடுத்த நாளும் நேரமும் அரசாங்கத்தின் கணக்கிலேயே ஏறிவிடும். 'இன்று காலையில்தான் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தோம்' என்று ஸ்டேஷன் ரைட்டர் நாளைக்கு எழுதினால், நேற்று மாலையே போன அந்தத் தந்தி எழுந்து நின்று மறுக்கும்.

இந்தக் கேள்வியை நாட்டிலுள்ள எல்லாக் காவல் நிலையங்களின் மேசைமேலும் கொண்டுபோய் வைத்தது ஒரு கடிதம். 1986 ஆகஸ்ட் 26 என்று தேதியிட்டது. எழுதியவர் டி.கே. பாசு, மேற்கு வங்கத்தில் இயங்கிய ஒரு சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவர். பெறுநர், இந்தியத் தலைமை நீதிபதி. அந்த ஜூலை 20, 21, 22 தேதிகளில் 'டெலிகிராஃப்' நாளிதழிலும், ஆகஸ்ட் 17 அன்று 'ஸ்டேட்ஸ்மேன்', 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' இதழ்களிலும் வந்திருந்த லாக்கப் மரணச் செய்திகளைச் சுட்டிக்காட்டி அவர் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட சாவுகளை மூடிமறைக்கத்தான் பார்க்கிறார்கள், குற்றம் தண்டனை இல்லாமல் போகிறது, அதனால் இன்னும் பெருகுகிறது என்பது அவருடைய முறையீடு. செத்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரவும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளைப் பொறுப்பாக்கவும் நீதிமன்றம் வழி வகுக்க வேண்டும், இந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்.

முத்திரைத்தாள் இல்லை, நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருந்தும் அந்தக் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகாததற்குக் காரணம், அதற்கு முன்னால் போன கடிதங்கள். 1970களின் கடைசியில் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னோடு இருந்த இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததை ஒரு நீதிபதிக்கு எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்து விசாரித்தார். எளிய மனிதர்களுக்காக யாரும் எழுதும் கடிதத்தை மனுவாக ஏற்கலாம் என்ற வழியை 1981இல் பி.என். பகவதி தம் தீர்ப்பில் உறுதி செய்தார். பாசு எழுதியபோது தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவர் அதே பகவதிதான்.

இன்னும் பின்னால் போனால் நம் ஊருக்கே வந்து சேரலாம். வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறது என்ற புகாரை விசாரிக்க 1854இல் சென்னை மாகாணத்தில் ஓர் ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. நேரில் வந்து சொன்னவர்களைவிடக் கடிதம் அனுப்பியவர்களே அதிகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். அவற்றின் வழியாகத்தான் கிட்டி, அண்ணாந்தாள் என்ற தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கைக்குள் நுழைந்தன. கிட்டி என்பது விரல்களையும் உடலின் மற்ற பாகங்களையும் இரண்டு கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள், ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டி அப்படியே நிறுத்திவைப்பது. அந்த அறிக்கையின் பின்விளைவாகச் சென்னை மாகாணத்துக்கு 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது, 1861இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. சட்டம் வந்தது, சீருடை வந்தது. கட்டை போய் லத்தி வந்தது.

பாசுவின் கடிதத்துக்கு 1987 பிப்ரவரி 9 அன்று புது உடல் கிடைத்தது: 1986ஆம் ஆண்டின் குற்றவியல் ரிட் மனு எண் 539. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனது. நாங்கள் எதையும் மறைக்கவில்லை, மனுவே தவறான புரிதலில் எழுந்தது என்று மேற்கு வங்க அரசு பதில் தந்தது. அந்த ஜூலையில் இன்னொரு கடிதம் வந்து சேர்ந்துகொண்டது. உத்தரப் பிரதேசம் அலிகர் பக்கம் பில்கானாவைச் சேர்ந்த ஒருவர் போலீஸ் காவலில் செத்த செய்தி அதில் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். இது ஒரு மாநிலத்தின் பிரச்சினை இல்லை என்று உணர்ந்த நீதிமன்றம், ஆகஸ்ட் 14 அன்று எல்லா மாநிலங்களுக்கும் சட்ட ஆணையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு மாதத்தில் பதில் வேண்டும் என்றது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. தமிழ்நாடும் செய்தது. எங்கள் மாநிலத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று காட்டும் முயற்சியே அந்தப் பத்திரங்களில் தெரிந்தது.

இரண்டு மாதம் என்று தொடங்கியது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

அந்தக் காத்திருப்பின் போதுதான் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் 1987 டிசம்பர் 1, காலை 8 மணிக்கு, திருட்டுச் சந்தேகத்தில் 22 வயது இளைஞர் ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் மதியம் ரயில் பாதையோரம் உடல் முழுக்கக் காயங்களோடு அவர் கிடந்தார். கட்டிவைத்திருந்த கயிற்றை அதிகாலை மூன்று மணிக்குப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஓடினார், ரயில் மோதியது என்று போலீஸ் சொன்னது. அவருடைய தாய் நீலாபதி பெஹரா, 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் மனுவானது. போலீஸ் சொன்ன கயிற்றுக் கதையை நீதிமன்றம் நம்பவில்லை. 1993 மார்ச் 24 அன்று அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தரச் சொன்னது. உயிருரிமையை அரசாங்கம் பறித்தால் அரசாங்கமே பணம் கட்ட வேண்டும் என்ற கோட்பாடு அங்கே உறுதிப்பட்டது. அந்த அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த்.

அதே 1993 மார்ச் மாதம், அந்தத் தீர்ப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, கடலூர் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போனது. அங்கும் அதே கதை. தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். மனைவி பார்வதி விடவில்லை. கே. சந்துரு வக்கீலாக வாதாட, ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பக்கத்து மாவட்ட எல்லையில் கிடந்த அடையாளம் தெரியாத உடல் அவருடையதே என்று நிரூபணமானது. போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 வரை ஆயிற்று. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். 1987க்குள் பதில் வந்து, பாசுவின் கடிதம் அந்த ஆண்டே தீர்ப்பாகியிருந்தால் ராஜாக்கண்ணு பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருக்கும். தப்பி ஓடினார் என்று சொல்வது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஏ.எஸ். ஆனந்த், உடன் அமர்ந்தவர் குல்தீப் சிங். பதினொரு கட்டளைகள். வக்கீல்களும் போலீஸ்காரர்களும் இன்றுவரை 'டி.கே. பாசு' என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவது இவற்றைத்தான்.

கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, இந்த நீதிபதிகள் எத்தனை பொய்களைக் கேட்டுச் சலித்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு பழைய பொய்யின் வாயை அடைக்கிறது. பிடித்தது யார் என்று தெரியாது என்ற பொய்க்கு, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி பெயரும் பதவியும் உள்ள பெயர்ப்பட்டி. நேற்றுப் பிடித்தவரை இன்று பிடித்ததாக எழுதுவதற்கு, கைது குறிப்பாணை, அதாவது அரெஸ்ட் மெமோ. அது கைதின்போதே தயாராக வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். நாளும் மணியும் அதில் இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஆளே இல்லை என்று வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமை. யாருக்குச் சொன்னார்கள், எந்த அதிகாரிகளின் பொறுப்பில் ஆள் இருக்கிறார் என்பதை ஸ்டேஷன் நாட்குறிப்பில் ஏற்ற வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் செய்தி போய், அங்கே அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

என்னை நின்று யோசிக்க வைப்பது ஏழாவது கட்டளை. கைதானவர் கேட்டால், அப்போதே அவர் உடலைப் பரிசோதித்து, பெரிய காயம் சிறிய காயம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைத் தாளில் போலீஸ்காரரும் கைதானவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கைதானவர் கையிலேயே தர வேண்டும். அடுத்த கட்டளைப்படி, காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். நம்மூரில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு வரும் கைதிகளின் படங்களைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குள் போகும்போது இந்தக் கை முறிந்திருந்ததா இல்லையா என்று எழுதிவைத்த தாள் எங்கே? அந்தச் சிரிப்புக்குப் பதிலாக இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்தத் தாள்களின் பிரதிகள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மீறினால் துறை நடவடிக்கை மட்டுமில்லை, நீதிமன்ற அவமதிப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம், அந்தந்த உயர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்றது தீர்ப்பு.

ஒரு விஷயம் மட்டும் கைகூடவில்லை. காவலில் இருந்தவர் உடலில் காயம் இருந்தால், அதை அந்த நேரத்தில் அவரைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே உண்டாக்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி, சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில் 1985இலேயே பரிந்துரைத்திருந்தது. பாசு கடிதம் எழுதுவதற்கும் முந்தைய ஆண்டு. ஸ்டேஷனுக்குள் நடந்ததற்கு ஸ்டேஷன்காரர்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது, அவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்பது நீதிமன்றங்களே பலமுறை எழுதியிருக்கும் உண்மை. தீர்ப்பும் இந்தப் பரிந்துரையை நினைவூட்டியது. 2023இல் சாட்சியச் சட்டமே புதிதாக எழுதப்பட்டபோதுகூட அந்தப் பிரிவு உள்ளே வரவில்லை. என் பார்வையில் இந்தக் கடிதத்தின் வாழ்வில் மிகப் பெரிய குறை இதுதான்.

தீர்ப்பான கடிதம் டில்லியிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், வானொலியிலும் தூர்தர்ஷனிலும் சொல்ல வேண்டும், வட்டார மொழியில் துண்டறிக்கை அடிக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். தொலைந்த ஆர்.சி. புத்தகத்துக்குச் சான்று வாங்கவோ, பாஸ்போர்ட் விசாரணைக்கோ ஸ்டேஷன் போனவர்கள் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். டி.கே. பாசு என்ற பெயரைப் படித்துவிட்டு யாரோ வடநாட்டுப் போலீஸ் அதிகாரி என்று எண்ணியவர்களும் இருப்பார்கள்.

நான்காவது கட்டளையில் ஒரு சொல் மட்டும் காலத்தால் அநாதையானது. கைதானவரின் உறவினர் வெளி மாவட்டத்தில் இருந்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நின்றது. தந்தி வந்தாலே சாவுச் செய்தி என்று அலறிய வீடுகள், அதே தந்தியால் ஓர் உயிரைக் காப்பாற்ற ஓடிய காலமும் அதோடு முடிந்தது. வக்கீல்கள் ஃபேக்ஸுக்கும் மின்னஞ்சலுக்கும் மாறினார்கள். எதில் அனுப்பினாலும் அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த நேரம்தான்.

தீர்ப்பு மெல்ல மெல்லச் சட்டமானது. காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு 2006இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நமக்குப் பழக்கமானது ஆர்.டி.ஓ. விசாரணை. 2010 நவம்பர் 1 முதல் பெயர்ப்பட்டியும் கைது குறிப்பாணையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-பி பிரிவாயின. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 36ஆவது பிரிவு. கடிதம் வந்த பாதை இந்த எண்களில் தெரியாது.

இப்போது சாத்தான்குளம்.

2020 ஜூன் 19, ஊரடங்கு நாட்கள். கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் இரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். இருவரும் தரையில் விழுந்து புரண்டு ஊமைக்காயம் பட்டுக்கொண்டார்கள் என்றது எஃப்.ஐ.ஆர். பக்கத்துக் கடைகளின் கேமராப் பதிவில் அப்படிப் புரண்ட காட்சி எதுவும் இல்லை. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று வாங்கினார்கள். மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் ஆணை வாங்கினார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். இரத்தத்தில் நனைந்த சாரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று குடும்பத்தார் சொன்னார்கள். 22 இரவு மகன் இறந்தார். 23 காலை தந்தை.

இதில் எந்தத் தாள் இல்லை? எஃப்.ஐ.ஆர். இருந்தது, டாக்டர் சான்று இருந்தது, ரிமாண்ட் ஆணை இருந்தது. பாசுவின் கடிதம் ஸ்டேஷன் வாசலிலிருந்து சிறை வாசல்வரை எந்தெந்த இடங்களில் காவல் நிறுத்தியதோ, அந்த ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் கையெழுத்துப் போட்டு வண்டியை மேலே போக விட்டார். படிவம் பூர்த்தியாக இருந்தது. மனிதர்களை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் அதே கடிதத்தின் இன்னொரு கிளை அந்த ஊருக்குள் நுழைந்தது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் எம்.எஸ். பாரதிதாசன் விசாரணைக்காகச் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போனார். லத்திகளை ஒப்படைக்கச் சொன்னபோது போலீஸ்காரர்கள் இழுத்தடித்தார்கள், ஒருவர் சுவர் ஏறிக் குதித்து ஓடினார், இன்னொருவர் மாஜிஸ்திரேட்டையே தரக்குறைவாகப் பேசினார் என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்றும் எழுதினார். 19ஆம் தேதி இரவு அந்த இயந்திரத்தில் இல்லை.

அந்த இரவு ஒரு பெண் தலைமைக் காவலரின் நினைவில் இருந்தது. விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்ததையும் அவர் சொன்னார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றிருக்க, சொன்னதைப் படித்துக் கையெழுத்துப் போட மிகவும் தயங்கினார். பாதுகாப்பு உறுதி கிடைத்த பிறகே போட்டார். இந்தக் கதையில் வரும் கையெழுத்துகளில் எடை கூடியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கும் பிறகு சி.பி.ஐ.க்கும் போய், அந்தச் செப்டம்பரிலேயே ஒன்பது போலீஸ்காரர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

கேமரா ஸ்டேஷனுக்குள் வந்ததிலும் பாசுவின் மனுவுக்குப் பங்கு உண்டு. 1996இல் அது முடிந்துவிடவில்லை. கட்டளைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் வேலை அதே பெயரில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட அபிஷேக் மனு சிங்வியும் கூடவே வந்தார். 2015 ஜூலை 24 அன்று டி.எஸ். தாக்கூரும், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பானுமதியும் அடங்கிய அமர்வு, சிறைகளில் கேமரா பொருத்தச் சொன்னது, காவல் நிலையங்களிலும் பொருத்துவதைப் பரிசீலிக்கச் சொன்னது. 'பரிசீலிக்க' என்ற சொல் 'கட்டாயம்' என்றாக ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நீதிபதி ஆர்.எஃப். நாரிமன் தலைமையிலான அமர்வு எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், நடைவழி என ஓர் இடமும் விடாமல் இரவிலும் பதிவாகும், ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும் என்றது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத் துறை அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். படத்தின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும் மணியும் நிமிடமும்தான், தந்தி முத்திரையின் இன்றைய வடிவம். 2025 செப்டம்பரில் ராஜஸ்தானில் எட்டு மாதத்தில் பதினொரு காவல் மரணங்கள் என்ற பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு, கேமராக்கள் வேலை செய்வதில்லை என்ற பிரச்சினையை உச்ச நீதிமன்றம் தானாகவே மறுபடி கையில் எடுத்தது. 39 ஆண்டுகளுக்கு முன் பாசு சேர்த்தனுப்பியதும் பத்திரிகைச் செய்திகளே.

தண்டனை என்று பார்த்தால் கணக்கு மிகவும் சிறியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளில் 2001 முதல் 2020 வரை பதிவான காவல் மரணங்கள் 1,888. போலீஸ்காரர்கள் மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை 358 பேர் மீது. தண்டனை பெற்றவர்கள் 26 பேர். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தங்கிக் காலாவதியானது.

தீர்ப்பு தந்த நீதிமன்ற அவமதிப்பு ஆயுதம் எங்காவது வெட்டியதா என்றால், குஜராத்தின் கேடா மாவட்டம் உந்தேலா கிராமத்தைச் சொல்லலாம். 2022 அக்டோபரில் சிலரைப் பிடித்து, ஊர் நடுவே கம்பத்தோடு சேர்த்து நிறுத்தி, கூட்டம் பார்த்திருக்கப் போலீஸ்காரர்கள் பிரம்பால் அடித்தார்கள். அது வீடியோவானது. அடிபட்டவர்கள் டி.கே. பாசு தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இழப்பீடாகப் பணம் வாங்கிக்கொள்ளும் யோசனை வந்தபோது வேண்டாம் என்றார்கள். 2023 அக்டோபரில் நான்கு போலீஸ்காரர்களுக்கு 14 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரிக்க ஏற்ற உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. ஆளைக் கட்டிவைத்து அடிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நீதிபதிகள் அன்று கேட்டார்கள்.

கடிதத்துக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் அதற்கு 'விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம்' என்று பெயர். பதினொரு கட்டளைகளும் கைது என்ற கணத்திலிருந்து உயிர்பெறுகின்றன. கைது என்று எழுதாவிட்டால் குறிப்பாணை இல்லை, பரிசோதனைத் தாள் இல்லை, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கணக்கும் தொடங்குவதில்லை. 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த 27 வயது இளைஞர், நகை காணாமல் போன புகாரில் தனிப்படையிடம் சிக்கியது இந்த இடைவெளியில்தான். சீருடை இல்லை, ஸ்டேஷன் இல்லை, கைது இல்லை. கோயிலின் பின்புறம் வைத்து அடித்தார்கள். அவர் இறந்தார். உடற்கூறு ஆய்வில் 44 காயங்கள். ஒளிந்து நின்று ஒருவர் செல்போனில் எடுத்த சில நொடிப் படம் உயர் நீதிமன்றத்துக்கு வந்த பிறகே உலகம் அதைப் பார்த்தது. ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. ஸ்டேஷன் சுவரில் தொங்கும் பலகை, ஸ்டேஷனுக்கே கொண்டுபோகாத மனிதருக்கு என்ன செய்யும்? கூட்டிப் போகும் அந்த நொடியிலேயே தாள் பிறக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால்தான் இந்த ஓட்டை அடைபடும் என்று நான் நம்புகிறேன். அதுவரை, கூட்டிப் போகும்போது பார்த்த அக்கம்பக்கத்தாரே சாட்சி.

2025 நவம்பர் 6 அன்று இந்தப் பாதையில் இன்னோர் அடி விழுந்தது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே தர முடியாத நிலை இருந்தால், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும். கைதே சட்டப்படி செல்லாமல் போகக்கூடிய அளவுக்கு இது முக்கியம் என்றது. ஆங்கிலத்தில் பயணம் தொடங்கிய கடிதம், இனி தமிழ்நாட்டு ஸ்டேஷனில் தமிழ்த் தாளாகக் கைக்கு வர வேண்டும்.

அப்படி ஒரு தாள் உங்கள் முன்னாலோ உங்கள் வீட்டுப் பிள்ளையின் முன்னாலோ நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு முன் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உங்கள் கையாலேயே மணியை எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.